நின்றால் நடுங்கும் எஞ்சின்



மாலை ஆறு மணிக்கு மயிலாப்பூர் லஸ் முனையில் சிவப்பு விளக்கின் முன் வரிசையாக நிற்கும் மோட்டார் வண்டிகளை நீங்கள் கவனித்திருக்கலாம். பெரும்பாலான வண்டிகள் சீரான முணுமுணுப்போடு நிற்கும். இடையில் ஒரு வண்டி மட்டும் குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல உடல் நடுங்கி நிற்கும். ஓட்டுபவர் முகத்தில் கவலை தெரியும். பச்சை விளக்கு எரிந்து வண்டி வேகம் பிடித்தவுடன் அந்த நடுக்கம் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். அடுத்த நாள் காலையில் அவர் வண்டியைப் பழுது பார்க்குமிடத்திற்குக் கொண்டு செல்வார். அங்கே அது பூனையைப் போல் சாதுவாக நிற்கும். வைத்தியர் வீட்டுத் திண்ணையை மிதித்ததும் பல்வலி நின்றுவிடுவதில்லையா, அதைப் போன்றது இது.

எப்பொழுதும் இருக்கும் நோயைக் கண்டறிவது எளிது. வந்து வந்து மறையும் நோயைக் கண்டறிவதுதான் கடினம். ஓடாமல் நிற்கையில் அவ்வப்போது நடுங்கும் எஞ்சினின் குறையை நூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் எவ்வாறு தேடி வந்துள்ளனர், நம் சென்னை நகரில் அத்தேடல் எவ்வாறு நடந்தது என்பதைக் குறித்து இன்று உங்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் பொறியியல் கற்றவன் அல்லன். பள்ளியில் சரித்திரம் கற்பித்தவன். சரித்திர ஆசிரியனுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அதற்குரிய விடை இப்பேச்சின் நடுவில் தானே வரும்.

முதலில் எஞ்சினின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வோம். பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று பொருத்தங்கள் அமைய வேண்டும். பெட்ரோல் ஆவியும் காற்றும் தக்க அளவில் கலக்க வேண்டும். எடையில் 1 பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று தேவை. அக்கலவை சிலிண்டருக்குள் கசியாமல் அழுத்தப்பட வேண்டும். அழுத்தப்பட்ட கலவையில் உரிய கணத்தில் மின்பொறி விழ வேண்டும். இம்மூன்றில் எது தவறினாலும் அந்தச் சிலிண்டர் அம்முறை எரியாது. இதனையே நம் ஊர் மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்பர். வண்டி நிற்கும்போது எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பதை ‘ஐட்லிங்’ என்பர். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 800 சுற்று வீதம் அவ்வாறு ஓடுகிறது என்று கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் எரிய வேண்டும். ஆகவே நிமிடத்திற்கு 1,600 எரிப்புகள், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 27. இவற்றுள் ஒன்றிரண்டு தவறினாலும் வண்டியில் அமர்ந்திருப்பவர் அதனை உணர்ந்துவிடுவார்.

அவ்வாறாயின், நடுக்கம் நிற்கும்போது மட்டும் தோன்றுவது ஏன்? வண்டி நிற்கையில் எஞ்சின் மிகச் சிறிதளவு காற்றையே உட்கொள்கிறது. முன்பு எரிந்த புகையும் சிறிது சிலிண்டரிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே அப்பொழுது தீப்பற்றுவதே அரிது. ஊசித்துளை போன்ற வெடிப்பு வழியாகப் புறக்காற்று நுழைந்தால், அந்தச் சிறிய உணவில் அது பெரும்பங்காகிவிடுகிறது. வேகமாக ஓடும்போதோ எஞ்சின் ஏராளமான காற்றை இழுக்கிறது. அதே கசிவு அப்பொழுது ஒரு பொருட்டாவதில்லை. செல்வன் வீட்டில் பத்து ரூபாய் தொலைந்தால் தெரியாது, ஏழை வீட்டில் தொலைந்தால் அடுப்பு எரியாது அன்றோ? ஐட்லிங் என்பது எஞ்சினின் ஏழ்மைக் காலம். அதன் குறைகள் எல்லாம் அப்பொழுதுதான் வெளிப்படும்.

இத்தகைய எஞ்சினின் நோயை நடுவழியில் கண்டு தீர்த்தவர்களில் முதல்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஒரு பெண்மணி. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் தம் மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஊரார் அதை நம்பவில்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரையில் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை அவ்வண்டியில் கடந்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தம் தொப்பி ஊசியால் அடைப்பைக் குத்தி நீக்கினார். மின்பொறிக்குரிய கம்பியின் உறை தேய்ந்தபோது தம் காலுறைப் பட்டையைக் கொண்டு அதற்குக் காப்பிட்டார். ஒன்று எரிபொருளின் குறை. மற்றொன்று மின்பொறியின் குறை. இன்றைக்கும் நடுங்கும் எஞ்சினைக் காணும் எவரும் இவ்விரண்டையே முதலில் ஐயுறுகின்றனர்.

இனி நம் சென்னைக்கு வருவோம். அண்ணா சாலை மௌண்ட் ரோடு என வழங்கிய காலத்தில் அங்கே குதிரை வண்டி கட்டும் தொழிலில் புகழ்பெற்றிருந்தது சிம்ப்ஸன் கம்பெனி. அது 1840-இல் தோன்றியது. அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903-இல் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றைக் கட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அதுவே என்பர். இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். நீராவி வண்டி நின்றால் அதன் எஞ்சினும் நின்றுவிடும். நீராவி மட்டும் கொதிகலனில் காத்திருக்கும். ஆகவே அதற்கு ஐட்லிங் நடுக்கம் என்ற நோயே இல்லை. அந்நாளைய பெட்ரோல் எஞ்சினோ, வண்டி நின்றாலும் தான் நிற்கலாகாது; நின்றால் மறுபடி கைப்பிடி போட்டுச் சுழற்ற வேண்டியிருந்தது. பெட்ரோல் வண்டி வந்த நாளில்தான் இந்த நடுக்கமும் நம் ஊருக்கு வந்தது.

சென்னையில் எம்.சி. 1 என்ற பதிவு எண், துறைமுகத்தை வளர்த்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவர்களின் வண்டிக்கு உரியதாயிருந்தது. உயர் நீதிமன்றக் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் எம்.சி. 3 என்ற எண்ணைப் பெற்றிருந்தார். அவர் வண்டி பிரெஞ்சு நாட்டு டி டியான் வகையைச் சேர்ந்தது. அவ்வகை எஞ்சினுக்கு நம் சரித்திரத்தில் தனி இடமுண்டு. மின்சாரத்தைக் கணத்திற்குக் கணம் இணைத்துத் துண்டிக்கும் சிறு விசையின் துணையால் மின்பொறியை உண்டாக்கி, எஞ்சினை விரைந்து சுழலச் செய்ததில் அதுவே முன்னோடி. பிற்காலத்தில் மெக்கானிக்குகள் ‘பாயிண்ட்’ என்று அழைத்த உறுப்பின் மூதாதை அது. 1902-இல் ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் தொழிலகம் உயர் அழுத்த மாக்னெட்டோவை வெளியிட்டது. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங், பாட்டரியும் காயிலும் பாயிண்டும் சேர்ந்த முறையைச் செம்மைப்படுத்தினார். அந்த முறையே பின்னர் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் உலகை ஆண்டது எனலாம்.

இந்தப் புதிய இயந்திரத்திற்கு நம் நாட்டில் வைத்தியர் யார்? கல்லூரிகள் அதனைக் கற்பிக்கத் தொடங்க நெடுங்காலம் ஆயிற்று. குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது எம்.ஐ.டி., 1949-இல் தொடங்கியபோதுதான் மோட்டார்ப் பொறியியல் அங்கே தனிப் பாடமாயிற்று. அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் பெரும்பாலான எஞ்சின்களைக் காத்தவர்கள் கொல்லர், வண்டி கட்டுவோர், கடைசல்காரர் வழியில் வந்த கைவினைஞர்களே. அவர்களுக்குக் காதுதான் கருவி. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அணைத்து, உள்ளே எழும் ஓசையைக் கேட்பர். பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பர். நல்ல சிலிண்டரின் கம்பியை விலக்கினால் எஞ்சின் மேலும் தளரும். எந்தக் கம்பியை விலக்கியும் மாறுதல் இல்லையோ அந்தச் சிலிண்டரே முன்னமே வேலை செய்யாதிருக்கிறது என்று அறிவர். அந்தக் கம்பியில் பாயும் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட் ஆகையால், மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்த்தலாகாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவை நோக்குதல் என்னும் விஞ்ஞான முறையை எழுத்தறியாத கைகள் அன்றாடம் நடத்தி வந்தன என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

நம் ஊரின் பருவங்களும் அவர்களுக்கு ஆசிரியராயின. மே மாத வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு ஆவியைத் தள்ள இயலாது. எஞ்சின் திணறி நின்றுவிடும். பழைய ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிச் சிறிது நேரம் காத்திருப்பர், எஞ்சின் தெளிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நோய் வேறு. ஈரக்காற்று பிளக் கம்பிகளின் நுண்ணிய வெடிப்புகளில் படியும். மின்சாரம் பிளக்கிற்குச் செல்லாமல் அவ்வெடிப்பு வழியே இரும்பில் பாய்ந்துவிடும். இரவில் விளக்கை அணைத்து எஞ்சின் மூடியைத் திறந்தால், கம்பிகளின்மீது மின்மினி போல நீலப்பொறிகள் ஓடுவதைக் காணலாம். கடலோரமான சாந்தோமிலும் அடையாறிலும் நிறுத்தப்படும் வண்டிகளில் உப்புக்காற்றால் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். ஆகவே தேர்ந்த மெக்கானிக் வண்டியைத் திறப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்பார்: “எப்போது வருகிறது?” வெயிலிலா, மழையிலா, காலையில் எடுத்தவுடனா, ஓடிச் சூடேறிய பின்பா? இந்த ஒரு கேள்வியே பாதி வைத்தியம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீடு வந்தது. அப்பொழுது டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனம் கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் கலத்தைச் செய்து அளித்தது. முதுகில் கரி அடுப்பைச் சுமந்த பஸ்கள் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடின. கரிவாயுவின் வலிமை பெட்ரோலினும் குறைவு. சாம்பலும் தாரும் குழாய்களை அடைக்கும். கலவையின் அளவு சிறிது மாறினாலும் எஞ்சின் என்ன பாடுபடும் என்பதை ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அந்நாளில் கைப்படக் கற்றனர்.

நாடு விடுதலை பெற்றபின் சென்னை மோட்டார்த் தொழிலின் பெருநகராயிற்று. வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கார்கள் உருவாயின. 1961 முதல் ஹெரால்டு வண்டி அங்கிருந்து வந்தது. மின்பொறிக்கு வேண்டிய கருவிகளைச் செய்ய அதே 1961-இல் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தோன்றியது. ஆயினும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த அக்காலத்தில், உறுப்பைக் கழற்றி எறிந்து புதியது பூட்டுவது எளிதன்று. ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் தேடுவர். கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்போரிடம் செல்வர். பொருள் அரிதாக இருந்ததால், நோய் இன்னதென்று உறுதியாகத் தெரிந்த பின்னரே உறுப்பை மாற்றும் பழக்கம் நல்ல மெக்கானிக்குகளிடம் வேரூன்றியது.

எல்லாரும் அப்படி இருந்தனர் என்று சொல்ல முடியாது. நான் நேரில் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்.

1984-ஆம் ஆண்டு கோடை. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. தியாகராய நகரில் இருந்த என் தாய்மாமன் பழைய கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டி வந்தார். அந்த ஒரு வண்டியின் வருவாயில்தான் ஐவர் உண்டனர். திடீரென்று அவ்வண்டி சாலைச் சந்திப்புகளில் நிற்கும்போது நடுங்கலாயிற்று. சில வேளை அணைந்தும் போயிற்று. எழும்பூர் நிலையத்திற்கு ரயிலைப் பிடிக்கச் சென்றவர்கள் பாதிவழியில் இறங்கி வேறு வண்டி ஏறினார்கள். வாடிக்கையாளர் குறைந்தனர்.

மாமா வண்டியை விடும் பழுது பார்க்குமிடத்தில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வேலை கற்று வந்தான். அதற்குச் சில நாள் முன்பு அவன்தான் வண்டிக்குப் புதிய பாயிண்ட் பூட்டியவன். “பையன் கை வைத்த பிறகுதான் நடுக்கம் வந்தது” என்றார் மாமா. முதலாளியும் அதை ஒப்புக்கொண்டார். என்னையும் கேட்டார்கள். ஒன்றும் ஆராயாமல், “அவனாகத்தான் இருக்கும்” என்று நானும் சொன்னேன். பையன், “நான் அளவு வைத்துத்தான் பூட்டினேன், அண்ணா” என்று முதலாளியிடம் இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை சொல்வதற்குள் அவனை வீட்டிற்கு அனுப்பிவிட்டார்கள்.

வேறொருவர் பாயிண்டை மறுபடி மாற்றினார். பிளக்குகளை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நலமாக இருக்கும்; பின்பு நடுக்கம் திரும்பிவிடும். கடைசியில் மயிலாப்பூர் மாட வீதிக்கு அருகில் சிறிய கொட்டகை வைத்திருந்த ஒரு வயதான மேஸ்திரியிடம் சென்றோம். அவர் திருப்புளியைத் தொடவேயில்லை.

“எப்போது வருகிறது, சார்?” என்றார்.

“எப்போது வேண்டுமானாலும் வருகிறது, மேஸ்திரி” என்றார் மாமா.

“அப்படி ஒரு நோய் கிடையாது. ஒரு வாரம் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்லி, என் பக்கம் திரும்பி, “தம்பி வாத்தியார்தானே, கோடு போட்டுக் கொடுங்கள்” என்றார்.

நான் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் கட்டங்கள் வரைந்து கொடுத்தேன். நேரம், இடம், வண்டி எடுத்து எத்தனை நிமிடம் ஆயிற்று, நடுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது என்பவை அந்தக் கட்டங்கள். ஒரு வாரத்தில் உண்மை தன் முகத்தைக் காட்டிற்று. வண்டி எடுத்து முதல் இருபது நிமிடத்திற்குள் ஒருமுறையும் நடுங்கவில்லை. சூடேறிய பின்னரே, அதுவும் நிற்கும்போதே நடுங்கிற்று. பாயிண்டின் இடைவெளி தவறாக இருந்தால் காலையிலும் தொல்லை கொடுத்திருக்கும் என்றார் மேஸ்திரி.

அவர் ஐயம் டிஸ்ட்ரிபியூட்டரின்மேல் சென்றது. அதனுள் பாயிண்ட் ஒரு சிறு தட்டின்மேல் அமர்ந்திருக்கும். எஞ்சின் உறிஞ்சும் விசைக்கேற்ப அந்தத் தட்டு சற்றே முன்னும் பின்னும் திரும்பும். தட்டோடு சேர்ந்து ஒரு மெல்லிய கம்பியும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிரும். மேஸ்திரி சூடான எஞ்சினை ஓடவிட்டு, உறிஞ்சு குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினார், நடுக்கம் மறைந்தது. விட்டார், மீண்டும் வந்தது. மாமா மகிழ்ந்து, “கண்டுபிடித்துவிட்டீர்கள்!” என்றார். மேஸ்திரி தலையசைத்தார். “இது சான்றாகாது, சார். பொறி முந்தி விழுந்தாலும் எஞ்சின் தெளியும்” என்றார். பின்பு எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடியிருக்கும்படி எஞ்சினைக் கையால் திருப்பி வைத்து, சோதனை விளக்கைக் கம்பியோடு இணைத்தார். தட்டை விரலால் நகர்த்தினார். விளக்கு எரிந்தது, அணைந்தது, மீண்டும் எரிந்தது. கம்பியின் உறை முழுமையாக இருந்தது. உள்ளே செப்பு இழைகள் அறுந்திருந்தன. ஓடும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டன. நிற்கும்போது, சூட்டில் உறை தளர்ந்ததும், அவை விலகின. ஒரு விரற்கடை நீளக் கம்பி. அதனை மாற்றினார்; நடுக்கம் பிறகு வரவே இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மாமாவின் தினசரிக் கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பாயிண்ட் மாற்றுவதற்குப் பதினொரு நாள் முன்பு, “நடுக்கம், பிளக் சுத்தம்” என்று மாமாவின் கையெழுத்திலேயே செலவு எழுதியிருந்தது. பையன் கை வைப்பதற்கு முன்பே நோய் இருந்திருக்கிறது! மாமா பொய் சொன்னவர் அல்லர்; மறந்துவிட்டார். பாயிண்டுக்குப் பின் நடுக்கம் மிகுந்ததால், பாயிண்டோடு அது தொடங்கியதாக அவர் மனம் அடுக்கிக்கொண்டது. நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் வைக்காமல் காரணம் சொல்லாதீர்கள் என்று வகுப்பில் நாள்தோறும் கற்பித்த சரித்திர ஆசிரியன் நான். அலமாரியில் இருந்த அந்தச் சான்றைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

மாமாவும் நானும் பையனைத் தேடிச் சென்றோம். புதுப்பேட்டையில் பழைய உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். மாமா கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டி, “என் தவறு, தம்பி” என்றார். அவன் அந்த வரியைப் படித்துவிட்டு, “எனக்கு அப்போதே தெரியும், சார்” என்று மட்டும் சொன்னான். பழைய இடத்திற்கு அவன் திரும்பவில்லை. தொழில் கற்கும் வயதில் அவன் இழந்ததை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

காலம் மாறியது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஈயமற்ற பெட்ரோலும் புகையைத் தூய்மையாக்கும் கலமும் புதிய கார்களுக்கு வந்தன. மாசுக்கட்டுப்பாடு ஆண்டுக்காண்டு கடுமையாயிற்று. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஆறாம் நிலை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. புதிய கார்களில் பாயிண்டும் கார்புரேட்டரும் மறைந்தன. கணிப்பொறியே பெட்ரோலை அளந்து தெளிக்கிறது; அதுவே பொறிக்கும் கணம் குறிக்கிறது. சுழல்தண்டோடு பூட்டிய பற்சக்கரத்தின் வேகத்தை அது இடைவிடாது அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் தண்டு ஒரு கணம் தளரும். அதைக் கொண்டு இன்ன சிலிண்டர் தவறியது என்று கணித்துக் குறியெண்ணாகப் பதிந்து வைக்கிறது. மெக்கானிக் ஸ்கேனரை இணைத்தால் அக்குறியெண் திரையில் தோன்றும். பழைய மேஸ்திரியின் காது செய்த வேலையை இன்று பற்சக்கரமும் கணிப்பொறியும் செய்கின்றன.

ஆயின் மாணவர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். “மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை” என்று ஸ்கேனர் சொல்லும். ஏன் எரியவில்லை என்று சொல்லாது. பிளக்கா, காயிலா, பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டரா, காற்றுக் கசிவா, வால்வா என்பதை மனிதனே தேட வேண்டும். ஆராயாதவர் ஒவ்வொன்றாக விலை கொடுத்து மாற்றுகிறார். ஆராய்பவர் மூன்றாம் சிலிண்டரின் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு இடம் மாற்றுகிறார். குறியெண்ணும் இரண்டாம் சிலிண்டருக்குச் சென்றால் காயிலே குற்றவாளி. மூன்றிலேயே நின்றால் காயில் நிரபராதி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றும் பழைய முறையேதான் இது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னையில் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கியதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவ்வாறு மூழ்கிய வண்டியின் கம்பி இணைப்புகளில் தங்கிய ஈரம், பல மாதம் கழித்துப் பச்சை பூத்து நடுக்கமாக வெளிப்படக்கூடும். அத்தகைய வண்டியை வாங்கியவர், முந்திய உரிமையாளரிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டாலன்றிக் காரணத்தை எளிதில் அறிய மாட்டார். ஸ்கேனரின் நினைவில் வெள்ளத்தின் வரலாறு இல்லை. மனிதரைக் கேட்டே அதனை அறிய வேண்டும்.

நூற்றிருபது ஆண்டுகளில் கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. மாறாதிருப்பது கேள்வி கேட்கும் ஒழுங்கு. குறை எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்று எழுதி வைக்க வேண்டும். எது முந்தியது, எது பிந்தியது என்று பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். குறையை விரும்பியபோது வரவழைக்கவும் விலக்கவும் முடிந்த பின்னரே, காரணம் கண்டோம் என்று சொல்ல வேண்டும். அது வரையில் எவர்மீதும் பழி சுமத்தலாகாது.

நான் பின்னாளில் தலைமையாசிரியனாக அமர்ந்த அறையில், வகுப்பில் எதுவோ காணாமற்போயிற்று என்று ஒரு மாணவனை இழுத்து வரும் வேளைகள் பல நேர்ந்தன. “இவன் வந்த பிறகுதான் இப்படி” என்று ஆசிரியர் சொல்லும்பொழுதெல்லாம் புதுப்பேட்டையில் மண்ணெண்ணெய்க் கையோடு நின்ற அந்தப் பையன் என் நினைவிற்கு வருவான். வருகைப் பதிவேட்டை எடுத்து, தேதிகளை முதலில் பார்ப்போம் என்பேன். சில வேளை மாணவன்மீதே குற்றம் இருந்தது. சில வேளை இல்லை. ஆனால் தேதிகளைப் பார்க்காமல் எவனையும் வீட்டிற்கு அனுப்பியதில்லை.